குதிரையோடு நாயும் வரட்டும்: தோப்புப் பாதைச் சவாரிக்கு முதல் பாடம்

குதிரைக்குப் பின்னால் வீட்டு நாய் ஓடி வருவது பார்க்க அழகுதான். பழக்காத குதிரையாக இருந்தால் ஒரே உதையில் நாயின் தாடை உடையும். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய முழுவதும் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம். அங்கிருந்து சத்தம் வந்தால் எதுவென்று பார்த்துவிட்டு உதைக்காது, முதலில் உதைத்துவிடும். ஆகவே நாய்க்கு அதன் இடம் எதுவென்று கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியில் பாதிக்கு மேல். குதிரையின் இடது தோளுக்கு நேராக, 2 முதல் 3 மீட்டர் தள்ளி வர வேண்டும். நம் ஊரில் சாலையின் இடது ஓரமாகப் போவோம் என்பதால் வண்டிகளுக்கும் நாய்க்கும் நடுவே குதிரை இருக்கும்.

தொடங்கும் முன்

குதிரைக்கு 4 வயதும் நாய்க்கு ஒன்றரை வயதும் ஆகியிருக்கட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற உயரமான நாய்களுக்கு அதற்கு முன் எலும்பு முனைகள் முழுதாக இறுகியிருக்காது. இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி, குதிரைக்குக் கூடவே டெட்டனஸ் ஊசி. ஏறுபவர், சேணம் இரண்டின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரை என்றால் 70 கிலோ. சேணமே 8 கிலோ போகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

நாய்க்கு நான்கு சொல் போதும்: வா, நில், உட்கார், விடு. தரையில் நின்று பழக்கிய பிறகு திண்ணைமேலோ மதில்மேலோ ஏறி நின்று சொல்லிப் பாருங்கள். குரல் மேலிருந்து வந்தால் பல நாய்கள் குழம்பிப் போகும். அந்தக் குழப்பம் குதிரைமேல் ஏறுவதற்கு முன்பே தீர வேண்டும்.

தரையில் அறிமுகம்

ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நாயோடு 6 மீட்டர் தள்ளி நிற்கட்டும். தினம் 15 நிமிடம். குதிரை தலையைத் தாழ்த்தி வாயை மென்றால், ஒரு காதை மட்டும் நாய்ப் பக்கம் திருப்பினால், மறுநாள் ஒரு மீட்டர் நெருங்கலாம். காதுகள் இரண்டும் பின்னால் படிந்தாலோ, பின்புறத்தை நாய்ப் பக்கம் திருப்பினாலோ, 2 மீட்டர் பின்னுக்குப் போங்கள். நாயையும் கவனியுங்கள். உடலைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் பார்த்து, பதுங்கி வந்தால் அது விளையாட்டல்ல, வேட்டைப் புத்தி. அந்தக் கணமே 'விடு' சொல்லித் திருப்புங்கள். பாய்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

அடுத்து இரண்டையும் பக்கம் பக்கமாக நடத்துங்கள். அதன் பிறகு வேலி போட்ட திடலில் நீங்கள் குதிரைமேல், உதவியாள் நாயோடு. ஏறும்போது நாய் குதிரையின் கண்ணில் படும்படி முன்னால் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாய்க் கயிற்றைச் சேணத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். நாய் ஒரு தென்னையைச் சுற்றினாலே போதும், கயிறு குதிரையின் வாலுக்கடியில் ஏறிவிடும். குதிரை வாலை இறுக்கிக்கொண்டு தறிகெட்டு ஓடும். கையில் பிடிப்பதானால் உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.

சேணம்

வயிற்றுவாரை ஒரே இழுப்பில் இறுக்க வேண்டாம், மூன்று தடவையாக இறுக்குங்கள். வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால் 10 நிமிடம் நடந்தபின் மறுபடி பாருங்கள். கடிவாளத்துக்கு அடியில் தலைக்கயிறும் இருக்கட்டும். லகானை வைத்து மரத்தில் கட்டினால் குதிரை தலையை இழுக்கும்போது வாய் கிழியும். ஹெல்மெட், சிறு குதியுள்ள காலணி இரண்டும் கட்டாயம். குதியில்லாத செருப்பு, பாதம் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும், விழுந்தால் கால் வெளியே வராது.

முதல் பாதை

2 அல்லது 3 கிலோமீட்டர், நடை மட்டும். வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு வண்டித்தடம் நல்லது. இருபுறமும் கிளுவை வேலி உள்ள ஒடுங்கிய தடமான இட்டேரி நிழலாக இருந்தாலும் முதல் நாளுக்கு வேண்டாம். எதிரே பைக் வந்தால் நாய் ஒதுங்க இடமிருக்காது. கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு, தடத்தை விட்டு இறங்காதீர்கள். மலையடிவாரத்தில் மின்சாரம் பாயும் சோலார் வேலியும் இருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கு முயலைக் கண்டால் எந்தக் குரலும் கேட்காது. முயல் வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த இன நாய்களைத் திறந்த வெளியில் கயிறில்லாமல் விடாமலிருப்பதே புத்திசாலித்தனம்.

புதரிலிருந்து மயில் படபடவென்று எழுந்தால் எவ்வளவு பழகிய குதிரையும் துள்ளும். லகானை இரண்டு பக்கமும் இழுத்துத் தொங்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வளைத்துச் சின்ன வட்டத்தில் சுற்றுங்கள். தெருநாய்க் கூட்டம் குரைத்து வந்தால் ஓட்டம் பிடிப்பதுதான் பெரிய தவறு, துரத்தச் சொல்வதற்குச் சமம். நின்று, குதிரையின் முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி, அவை பின்வாங்கிய பிறகு நகருங்கள். ஊர் முனையைத் தாண்டும் வரை உதவியாள் நாயைக் கயிற்றில் பிடித்து வருவது இன்னும் நல்லது.

வெயிலும் வேகமும்

காலை 6 மணிக்குக் கிளம்பி 8-க்குள் திரும்புங்கள். குதிரைக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்கு அந்த வசதி இல்லை, நாக்கை வைத்துத்தான் சூடு தணிக்கும். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வேகும்.

கத்தியவாரி, மார்வாரி குதிரைகளில் சிலவற்றுக்கு ரேவால் என்றொரு நடை உண்டு. மேலே இருப்பவருக்குக் குலுங்கவே குலுங்காது, வேகமும் தெரியாது. நாயோ பக்கத்தில் உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நாக்கு அகலமாகித் தொங்குவது, கெட்டியான எச்சில், ஈறு கருஞ்சிவப்பாவது, பின்தங்குவது எல்லாம் ஆபத்து. நிழலில் நிறுத்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், வாய்க்குள் வலிய ஊற்றாதீர்கள். தள்ளாடினால் நேரே கால்நடை மருத்துவரிடம். ஒரு மணி நேரச் சவாரிக்கு நாய்க்கு ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். அரை லிட்டர் பாட்டில் இரண்டாகச் சேணத்தின் இருபுறமும் மாட்டினால் எடை ஒரு பக்கம் சாயாது.

திரும்பிய பிறகு

கடைசி 10 நிமிடம் இறங்கி நடத்தியே கூட்டி வாருங்கள். குதிரையின் தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். இறங்கி 10 நிமிடமாகியும் 60-க்கு மேலே நின்றால் சவாரி அதற்கு அதிகம். தண்ணீர் உடனே காட்டலாம். கொள்ளும் தவிடும் ஒரு மணி நேரம் கழித்து. நாய்க்கும் சோறு அப்போதுதான், சவாரிக்கு முந்தைய 3 மணி நேரத்திலும் கிடையாது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு நிறைந்த வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

குளம்பின் அடியையும் நாயின் விரலிடுக்கையும் விரலால் தடவிப் பாருங்கள். சீமைக்கருவேல முள் முறிந்து உள்ளே நின்றால் மேலே புள்ளி மட்டும்தான் தெரியும். காதுமடல், பிடரி, வாலடியில் உண்ணி தேடுங்கள். மறுநாள் சவாரி வேண்டாம். காலையில் நாய் எழுந்து நடக்கும் முதல் பத்தடியைப் பாருங்கள். விறைப்பாக நடந்தால் அடுத்த தடவை ஒரு கிலோமீட்டர் குறையுங்கள்.