ஓப்பன் சோர்ஸில் முதல் வருமானம் பார்ப்பது எப்படி: சேலத்திலிருந்து ஒரு செய்முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்காக ஒரு சின்ன கணக்கு மென்பொருள் எழுதினேன். ஆசாரிக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாக எவ்வளவு திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, அவ்வளவுதான் அதன் வேலை. முழு நிரலும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தும்படி திறந்தே கிடக்கிறது, இதைத்தான் ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். "சும்மா கிடைக்கிறதுக்கு எவன்டா காசு கொடுப்பான்?" என்று வீட்டில் கேட்டார்கள். கொடுக்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

படி 1: உரிமம்

நிரலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பு இல்லாமல் அதை ஊருக்கே காட்டினாலும் அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. எம்ஐடி உரிமம் போட்டால் உங்கள் நிரலைத் தன் மூடிய மென்பொருளுக்குள் வைத்து யாரும் விற்கலாம். ஜிபிஎல் என்ற உரிமம் போட்டாலும் விற்கலாம், ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். ஜிபிஎல் என்றால் காசு வாங்கக்கூடாது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. பின்னாளில் ஜிபிஎல்லை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் தன் ஈமேக்ஸ் என்ற உரை எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றார், நெட்வொர்க் வசதி இருந்தவர்கள் அதையே இலவசமாகவும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஜிபிஎல்தான் போட்டேன்.

படி 2: எதற்குக் காசு என்று எழுதி வையுங்கள்

நிரலோடு வைக்கும் அறிமுகக் கோப்பான ரீட்மீயிலேயே, தமிழிலேயே எழுதுங்கள்: நிரல் இலவசம், கணினியில் நிறுவித் தருவது, பழைய நோட்டுக் கணக்கை ஏற்றித் தருவது, ஆள் பழக்குவது, வருட பராமரிப்பு, இவற்றுக்குக் கட்டணம். கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். எழுதி வைத்துவிட்டால் வாயால் கேட்க வேண்டியதில்லை.

படி 3: பக்கத்துத் தெருவில் தொடங்குங்கள்

என் அனுபவத்தில் புதியவருக்குப் பணம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவதாக வந்த பட்டறைக்காரர் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். ஆசாரியின் நோட்டில் ஒரு ஜோடி 84.357 கிராம், என் திரையில் 84.36. மூன்று மில்லிகிராம்தானே என்று தோன்றும், ஆனால் நாளுக்கு நாற்பது ஜோடி, எல்லாம் ஒரே பக்கமாகவே ஏறினால் மாதக் கடைசியில் இருவருக்கும் சண்டை. நான் எடையைத் தசமமாக வைத்து இரண்டு இடத்துக்குச் சுருக்கியதுதான் காரணம். எல்லா எடையையும் மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமிக்கும்படி மாற்றி, பழைய பதிவுகளை நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தி, மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் கொடுத்தேன். வருடப் பராமரிப்பு என்று அவர் தருவது இந்த மாதிரி இரவுகளுக்காகத்தான். நிரலை யாரும் நகலெடுக்கலாம், கூப்பிட்டால் போனை எடுக்கும் ஆள் வேண்டுமே.

அதனால் நிறுவுவதற்கு ஒரு தொகை, வருடத்துக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகப் பேசுங்கள். என்னென்ன அதில் அடங்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் தகராறு வராது.

படி 4: நன்கொடையும் நிதியுதவியும்

நிரலர்களுக்கு நன்கொடை அனுப்பும் வசதியான கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் 2019-ல் வந்தது. தனிநபர்கள் தரும் நன்கொடையில் கிட்ஹப் கமிஷன் எடுப்பதில்லை. பக்கத்தைத் திறந்து வையுங்கள், ஆனால் அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதிய நிரல் நூலகத்தை (மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை) பல நிரலர்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள் என்றால், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்காக 2024-ல் தொடங்கிய ஃபிளாஸ் ஃபண்டைப் பாருங்கள். வருடத்துக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறார்கள், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. விண்ணப்பிக்க ஃபண்டிங் டாட் ஜேசன் என்ற கோப்பில் திட்ட விவரத்தையும் தேவைப்படும் தொகையையும் எழுதி வைக்க வேண்டும்.

படி 5: கூடுதல் பதிப்பு

இது பிறகு. சைட்கிக் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இப்படித்தான் நடக்கிறது: அடிப்படை இலவசம், பெரிய நிறுவனங்களுக்குத் தேவையான வசதிகள் கட்டணப் பதிப்பில். ஒரே நிரலை இரண்டு உரிமங்களில் கொடுக்க நினைத்தால், உங்களுக்கு நிரல் எழுதி அனுப்பிய எல்லோரிடமும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பத்துப் பேர் எழுதிய பிறகு தேடிப் போவது பெரும்பாடு.

படி 6: கணக்கு

முதல் ரூபாயிலிருந்தே பில் போடுங்கள். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கி தரும் வரவுச் சான்றைப் பத்திரமாக வைத்து, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.