நேவிகேஷன் மாட்டும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள்

அப்பா மாதம் ரெண்டு தடவை பெங்களூரு அல்சூரிலிருந்து ஓசூருக்கு வேகன் ஆர் காரை ஓட்டிக்கொண்டு போவார். ஃபோனை மடியில் வைத்து வழி பார்த்தபடி அவர் ஓட்டியதை ஒருநாள் பார்த்துவிட்டேன். அந்த வாரமே ஒரு கடையில் ஜிபிஎஸ் உள்ள ஸ்கிரீன் மாட்டினோம். மூன்றாம் நாள் மடிவாளா சிக்னலில் கருகல் வாசனை. திறந்து பார்த்தால் பேட்டரியிலிருந்து பியூஸே இல்லாமல் ஒரு ஒயர். ஸ்டீயரிங் தண்டில் உரசி அதன் உறை தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நானே மாட்டினேன்.

முதலில் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பிளஸ்ஸில் ஆரம்பித்தால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் உறை, மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்கிரீனோடு வரும் ஒயர்களிலும் ஒரு மஞ்சள் இருக்கும், அது வேறு. பெரும்பாலும் மஞ்சளில் எப்போதும் 12 வோல்ட் வரும், சிவப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும் வரும், கருப்பு எர்த், அதாவது மைனஸ். வண்டியின் பழைய ஸ்டீரியோ ஒயர்களில் எது எது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரியைத் திரும்ப இணைத்து, மல்டிமீட்டரால் அளந்து எழுதிக்கொண்டு, மறுபடி கழற்றுங்கள்.

பியூஸ் விஷயத்தில் நான் ரொம்பப் பிடிவாதம். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் எடுத்தால், பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்கிரீன் பக்கத்தில் வைத்தால், இடையில் உள்ள ஒயர் எங்கே உரசினாலும் தடுக்க ஆளில்லை. பியூஸ் முக்கியமாக ஒயரைக் காப்பாற்றத்தான். ஜே.சி. ரோட்டில் நல்ல பியூஸ் ஹோல்டர் கிடைக்கும். கையேட்டில் 10 ஆம்பியர் என்றிருந்தால் 10தான். எரிந்தால் 20 போடாமல், ஏன் எரிந்தது என்று தேடுங்கள். ஒயர்களை ஸ்டீயரிங் தண்டு, பிரேக் பெடல் இரண்டுக்கும் எட்டாமல் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். சில வண்டிகளில் முன் பில்லருக்குள்ளும், அதாவது முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள்ளும், ஏர்பேக் உண்டு. அதன் மேல் ஒயர் ஓடக்கூடாது.

அப்புறம் ஜிபிஎஸ் ஆண்டெனா. சாட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் மிக மெலிந்தது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அதை விடும், இரும்பு விடாது. உலோகம் கலந்த சன் ஃபிலிமும் மறிக்கும். முன்கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டு மூலையில், முகம் வானத்தைப் பார்க்க ஒட்டுங்கள். ஏர்பேக் மூடிமேல் ஒட்டவே கூடாது.

மைனஸை மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக்கை அழுத்திப் பாருங்கள். முதல் தடவை வண்டியைத் திறந்த வெளியில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். சாட்டிலைட்டுகளின் முழுப் பட்டியல் இறங்க 12.5 நிமிடம் ஆகும். அல்சூர் மெட்ரோ பாலத்துக்கு அடியில் நிறுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. நான் ஏரிக்கரைக்குக் கொண்டுபோனேன்.

போகிற இடத்தை அப்பாவுக்கு வீட்டு வாசலிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி மேல் ரோடும் கீழ் ரோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போவதால் ஸ்கிரீன் குழம்பும். அங்கே பலகையைப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.