பேலன்ஸ்டு கேபிள் போட்டால் ஹெட்ஃபோனில் ஒலி கூடுமா? வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

பேலன்ஸ்டு கேபிளுக்கு (இரு காதுக்கும் பொதுக் கம்பி இல்லாமல், காதுக்கு இரண்டாக நான்கு கம்பிகள் கொண்டது) மாறியதும் ஒலி கூடிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கூட்டியது கேபிள் அல்ல. ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ்டு சாக்கெட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு காதுக்கும் இரண்டிரண்டு ஆம்ப் சுற்றுகள் இருந்தால் ஒலி கூடும். அவை இல்லாமல் சாக்கெட் மட்டும் பொருத்தப்பட்டிருந்தால், வெள்ளிக் கம்பியே போட்டாலும் கூடாது. உங்கள் ஆம்ப் எந்த வகை என்பதைக் கேபிளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் அளந்துவிடலாம்.

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இதைக் கேட்பவர்களில் பலர் பழைய நாகஸ்வரப் பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள். கோயில் உற்சவத்தில் கேசட்டில் பிடித்து, பிறகு கணினிக்கு மாற்றிய பதிவில் தவிலின் ஓர் அடி உச்சத்தைத் தொட்டுவிடுவதால், ஆலாபனை முழுவதும் தாழ்ந்த அளவிலேயே நிற்கும். வால்யூமைக் கடைசி வரை திருகினாலும் போதாது. இப்படிப்பட்ட பதிவுக்காக மட்டும் ஒலி வேண்டுமென்றால், முதலில் ஆம்பில் கெயின் சுவிட்ச் (ஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவை மாற்றுவது) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காதில் மட்டும் ஒலி குறைவாக இருந்தால் இயர்ஃபோன் வலையில் காதழுக்கு அடைத்திருக்கலாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் ஜாக்கில் களிம்பேறியும் இருக்கலாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஜாக்கைத் துடைத்துப் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால்தான் பேலன்ஸ்டு பேச்சுக்கு வர வேண்டும்.

வழக்கமான 3.5 மி.மீ. ஜாக்கில் மூன்று தொடுமுனைகள் உண்டு: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். கிரவுண்ட் அசையாமல் நிற்க, இடது முனையின் வோல்டேஜ் மட்டும் ஏறி இறங்கும். பேலன்ஸ்டு அமைப்பில் இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு என நான்கு கம்பிகள். ஒரு கம்பியில் (பிளஸ்) வோல்டேஜ் ஏறும்போது அதன் இணையில் (மைனஸ்) அதே அளவு இறங்கும். தயிர் கடையும்போது மத்துக்கயிற்றின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து மறுமுனையை மட்டும் இழுப்பதற்கும், இரு கைகளாலும் மாறி மாறி இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இரு முனைகளுக்கும் இடைப்பட்ட வோல்டேஜ் இரட்டிப்பாகிறது. டெசிபல் கணக்கில் அது 6 டெசிபல். இரட்டிப்பாக்குவது இரண்டாவது ஆம்ப். அதைக் காதுக்குக் கொண்டுவரும் வேலை மட்டுமே கேபிளுக்கு.

கேபிளின் சொந்தப் பங்கு எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்துவிடலாம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்குச் செல்லும் கேபிளின் மின்தடை 1 ஓம் என்றால், அதனால் குறையும் ஒலி ஏறத்தாழ 0.27 டெசிபல், 300 ஓம் ஹெட்ஃபோனில் அது 0.03 டெசிபல்தான். தடித்த கேபிளால் இந்த இழப்பு முழுவதும் நீங்கினாலும் காதுக்குத் தெரிவது அரிது.

இனி அளக்கும் முறை. ஒரு 3.5 மி.மீ. பிளக், உங்கள் ஆம்புக்கு ஏற்ற ஒரு பேலன்ஸ்டு பிளக் (பெரும்பாலும் 4.4 மி.மீ.), 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, சிறிது கம்பி ஆகியவை போதும். மல்டிமீட்டரில் மட்டும் கவனம் தேவை: மிக மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏ.சி. வோல்டேஜுக்கு 200, 750 என இரண்டே படிகள் இருக்கும், அவை 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாததால் இந்த வேலைக்கு உதவா. 2 அல்லது 20 வோல்ட் ஏ.சி. படி உள்ள மீட்டரோ, படியைத் தானே தேர்ந்துகொள்ளும் மீட்டரோ வேண்டும்.

3.5 பிளக்கின் இடது முனையிலும் கிரவுண்டிலும் ஒவ்வொரு கம்பியைப் பற்றவையுங்கள். 4.4 பிளக்கில் நுனி இடது பிளஸ், அடுத்த வளையம் இடது மைனஸ். அந்த இரண்டிலும் அவ்வாறே பற்றவையுங்கள். 2.5 மி.மீ. பிளக்கில் வரிசை வேறு: நுனி வலது மைனஸ், பிறகு வலது பிளஸ், இடது பிளஸ், கடைசியாக இடது மைனஸ். நான்கு முனை எக்ஸ்.எல்.ஆர். என்றால் 1 இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ்.

ஹெட்ஃபோன் எதையும் மாட்டாமல், 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சுருதியில் நிற்கும் தூய ஒலி)த் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, 3.5 சாக்கெட்டில் மீட்டர் சுமார் 0.5 வோல்ட் காட்டும்வரை வால்யூமை உயர்த்துங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் பேலன்ஸ்டு சாக்கெட்டில் இடது பிளஸ்ஸுக்கும் இடது மைனஸுக்கும் இடையே அளவெடுங்கள். சில பிளேயர்கள் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வால்யூமை நினைவில் வைத்திருக்கும் என்பதால் திரையில் உள்ள எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1 வோல்ட் வந்தால் இரட்டை ஆம்ப் உண்மையாகவே இருக்கிறது. அதே 0.5 வந்தால் சாக்கெட் வெறும் வசதிக்காக வைக்கப்பட்டது. கேபிள் மாற்றி ஒலி கூடப் போவதில்லை.

அடுத்து அதே இரு கம்பிகளுக்கிடையே 33 ஓம் ரெசிஸ்டரை வைத்து, வால்யூமை மெல்ல உயர்த்தி 2 வோல்ட் வரை மட்டும் அளந்து பாருங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. என் கருத்தில் முழுச் சோதனையிலும் பயனுள்ள பகுதி இதுவே. இரண்டு ஆம்ப்கள் எதிரெதிரே இயங்கும்போது ஒவ்வொன்றும் சுமையில் பாதியைத்தான் காண்கிறது; அதாவது 32 ஓம் ஹெட்ஃபோன் அதற்கு 16 ஓம் போலத் தோன்றும். அவுட்புட் மின்தடையும் இரட்டிப்பாகும். 300 ஓம் ஹெட்ஃபோனில் 2 வோல்ட் 13 மில்லிவாட் தரும், 4 வோல்ட் 53 மில்லிவாட் தரும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் எந்த ஆம்பும் திணறாது. 32 ஓமுக்கு அதே 4 வோல்ட் கொடுக்க 125 மில்லிஆம்பியர் வேண்டும், சிறிய யு.எஸ்.பி. டாங்கிள்களால் (போனிலோ கணினியிலோ செருகும் சிற்றாம்ப்கள்) அது முடியாமல் போகலாம். அதே வால்யூமில் ரெசிஸ்டர் இல்லாதபோது வந்ததைவிட, ரெசிஸ்டர் வைத்ததும் வோல்டேஜ் வெகுவாகச் சரிந்தால், உங்கள் ஆம்பின் பேலன்ஸ்டு சாக்கெட் அதிக ஓம் ஹெட்ஃபோனுக்குத்தான் பயன்படும்.

6 டெசிபல் என்பது மின்திறனில் நான்கு மடங்கு. ஆனால் காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். ஆகவே வேறுபாடு தெளிவாகத் தெரியும், மலைப்பாக இருக்காது. செவிக்கு ஏற்படும் சுமையோ அப்படியல்ல: அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்றும், கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாக வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 6 டெசிபல் கூடினால் 8 மணி 2 மணியாகிவிடும்.

பேலன்ஸ்டில் ஒலி துல்லியமாக இருக்கிறது என்ற பேச்சையும் இந்த 6 டெசிபல்தான் பெரும்பாலும் கிளப்புகிறது. சற்றே உரக்க ஒலிப்பது எவருக்கும் மேலானதாகப் படும். உண்மையில் ஒப்பிட விரும்பினால், பேலன்ஸ்டு பக்கத்தின் வால்யூமைக் குறைத்து, இரு வோல்டேஜும் நூற்றுக்கு ஒன்று என்ற வித்தியாசத்துக்குள் வந்த பிறகு கேளுங்கள். இரைச்சல் குறையும் என்பதும் மேடையிலிருந்து வந்த நம்பிக்கை. திருவையாற்றுப் பந்தலில் மைக்கிலிருந்து மிக்சர் வரை நீளும் கேபிளில் வரும் சிக்னல் சின்னஞ்சிறியது. இரு கம்பிகளிலும் ஒன்றுபோல ஏறிய இரைச்சலை மிக்சரின் உள்ளீட்டுச் சுற்று கழித்துவிடுகிறது. ஒன்றரை மீட்டர் ஹெட்ஃபோன் கேபிளுக்கு அந்தத் தேவை இல்லை. பொதுக் கிரவுண்ட் இல்லாததால் இடது, வலது ஒலிகள் ஒன்றில் ஒன்று கசிவது குறையும். அந்தச் சிறு நன்மை மட்டும் உண்மை.

மறக்கக் கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. பேலன்ஸ்டு சாக்கெட்டில் சாதாரண மூன்று முனை ஹெட்ஃபோனை மாட்ட உதவும் அடாப்டரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது இடது மைனஸையும் வலது மைனஸையும் ஒன்றாகச் சேர்ப்பதால், இரு ஆம்ப்கள் ஒன்றையொன்று ஷார்ட் செய்து பழுதாகலாம். மறுதிசை அடாப்டரால் ஆபத்தில்லை: பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண சாக்கெட்டில் மாட்டலாம், ஒலி மட்டும் கூடாது.

அளந்து பார்த்து வாங்குவதென்று முடிவுசெய்தால், உங்கள் ஊர் மைக் செட் கடையில் எக்ஸ்.எல்.ஆர். பற்றவைத்துப் பழகியவரிடமே கொடுத்து, இருக்கும் கேபிளின் பிளக்கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேபிளுக்குள் நான்கு தனிக் கம்பிகள் இருக்க வேண்டும், மூன்றே இருந்தால் முடியாது. வேலை முடிந்ததும் ஆம்பில் மாட்டுவதற்கு முன், மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இரு முனைகள் இணைந்திருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்து இடது மைனஸையும் வலது மைனஸையும் தொடுங்கள். பீப் ஒலி வந்தால் திருப்பிக் கொடுத்து, பற்றவைத்ததைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.