டர்பன் போகும் வழியில் பனி

ஆப்பிரிக்காவுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டுத்தான் உங்களையும் ஊரில் வழியனுப்பியிருப்பார்கள். நாம் பிழைக்க வந்திருக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் குன்னூர் மாதிரி. ஜூன், ஜூலையில் விடிந்தால் கார் முழுக்க உறைபனி. என் முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் போகும் அவசரத்தில் முன்கண்ணாடியில் ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றினேன். கீழ் மூலையில் 'டிக்' என்று ஒரு சத்தம். விரிசல் குறுக்கே ஓடிவிட்டது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டினால் போதும், காசு மிச்சம்.

ஆனால் நகரில் பனி கொட்டுவது அபூர்வம். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கிருந்து டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில். கோவில், உறவு, கடல் என்று டர்பனுக்குப் போகாத தமிழர் யார்? கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் தூரம். வழியில் டிராக்கென்ஸ்பர்க் மலையை வேன் ரீனன் கணவாயில் கடக்கவேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி இறங்கும். டர்பனில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவருக்கு அங்கே பல் கிட்டும்.

2024 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய பனிப்பொழிவு இந்தச் சாலையையே மூடிவிட்டது. குளிர்காலம் முடிந்தது என்று எல்லோரும் இருந்த நேரம். நூற்றுக்கணக்கான வாகனங்கள் இரவு முழுக்க நின்றன, உயிரிழப்பும் நேர்ந்தது. நீங்கள் எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும் ஏற்றத்தில் ஒரு லாரி வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டால் முடிந்தது கதை. ஆகவே வானிலைத் துறை பனி எச்சரிக்கை விடுத்தால் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கல்யாணமே ஆனாலும்.

நடுவழியில் பனி பிடித்துக்கொண்டால் வேகத்தைப் பாதிக்கு மேல் குறையுங்கள், முன் வண்டிக்கு நன்றாக இடம் விடுங்கள். பாலங்களில் கூடுதல் கவனம் வேண்டும்: அடியிலும் குளிர்காற்று போவதால் அவை முதலில் உறையும். தார் வெறுமனே ஈரமாகத் தெரியும். மேலே கண்ணாடிபோல் பனிக்கட்டி படர்ந்திருக்கும். பின்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். வண்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புங்கள். மனம் கேட்காது, ஆனாலும் அதுதான் சரி. இறக்கத்தில் தாழ்ந்த கியர்.

சிக்கிவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். கைப்பேசியில் 112. சூட்டுக்காக எஞ்சினை ஓடவிடுமுன் இறங்கி, புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிடும். அதற்கு வாசனை கிடையாது. குழாய் திறந்திருந்தாலும் சிறிது நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும்.

மே முதல் செப்டம்பர் வரை என் வண்டியின் பின்னால் இரண்டு கம்பளி, தண்ணீர், டார்ச் எப்போதும் கிடக்கும். கணவாயை நெருங்குமுன் டாங்கியையும் நிரப்பிவிடுவேன். புளியோதரைப் பொட்டலம் மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிது.