படகு இழுக்கப் பிக்கப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் சிறிய ஃபைபர் வள்ளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக மினி லாரியும் பத்துப் பேரின் தோள்களும் போதும் என்றிருந்த நிலை மெல்ல மாறி, சொந்தமாக ஒரு பிக்கப்பும் டிரெய்லரும் வைத்துக்கொள்ளலாமா என்று எண்ணுவோர் தென்படுகிறார்கள். வண்டி பார்க்கப் போகும்போது அவர்கள் முதலில் கேட்பது 'எத்தனை ஹார்ஸ்பவர்?' என்பதுதான். அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது தம் வள்ளம் எத்தனை கிலோ என்பது.

வள்ளம் கட்டியவர் சொல்லும் எடை, பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. அதன் மேல் எஞ்சின், நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி, நனைந்த வலை, இவற்றையெல்லாம் தாங்கும் டிரெய்லர் என ஒவ்வொன்றும் ஏறும். நூறு லிட்டர் டீசல் ஏறக்குறைய 83 கிலோ. அடிப்பலகையின் கீழ் நூறு லிட்டர் மழைநீர் தங்கியிருந்தால் அது நூறு கிலோ. பழைய வள்ளத்தில் ஃபைபருக்குள் இருக்கும் மரச்சட்டமோ ஃபோமோ நீர் குடித்திருந்தால், எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் எடையைச் சரியாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், யாருடைய வண்டியையாவது இரவல் வாங்கி, கடலுக்குப் போகும் கோலத்திலேயே வள்ளத்தை டிரெய்லரில் ஏற்றி, விறகு லோடும் கரி மூட்டையும் நிறுக்கும் எடை மேடைக்குக் கொண்டுபோவதே நல்லது. அங்கே இரண்டு முறை நிறுக்க வேண்டும். டிரெய்லரைக் கழற்றி மேடையில் தனியாக நிறுத்தினால் மொத்த எடை கிடைக்கும். அதை மீண்டும் வண்டியில் மாட்டி, வண்டியின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்க டிரெய்லரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் எடை சற்றுக் குறையும். இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியின் கொக்கியை அழுத்துவது.

கொக்கியை அழுத்தும் எடையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. வள்ளமும் டிரெய்லரும் சேர்ந்து 1,200 கிலோ என்றும், அதில் பத்தில் ஒரு பங்கான 120 கிலோ கொக்கியில் இறங்குகிறது என்றும் கொள்வோம். வண்டியில் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ. பின்பெட்டியில் ஐஸ் நிறைந்த பெட்டி 100 கிலோ. மாற்று எஞ்சின் 40 கிலோ. ஆக 610 கிலோவை அந்த வண்டி தன் முதுகில் சுமக்கிறது. அது 2,500 கிலோவை இழுக்கும் திறன் கொண்டதாகவே இருக்கட்டும். சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை 500 கிலோதான் என்றால், இழுவையில் பாதியைக்கூட எட்டாத நிலையிலேயே சுமையில் வரம்பு மீறிவிட்டது. இழுப்பதும் சுமப்பதும் வெவ்வேறு கணக்குகள்; இரண்டும் ஒரே நேரத்தில் தேற வேண்டும்.

இழுவைத் திறனை வெளிநாட்டுக் காணொளியில் பார்த்துவிட்டு முடிவு செய்வோரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் டீசல் வகைகள் சில, பிரேக் பொருத்திய டிரெய்லரோடு 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டிருப்பது உண்மைதான். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இங்கே விற்கும் வண்டிக்கும் அதே எண் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. விற்பனையாளரின் வாய்மொழி போதாது. வண்டியோடு வரும் கையேட்டில் உள்ளதை அல்லது எழுத்தில் தரப்படுவதை மட்டுமே நம்ப வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஹார்ஸ்பவரைவிட டார்க் எனப்படும் திருப்புவிசையே முதலில் பார்க்கத்தக்கது. பொலிரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் எஞ்சின் ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டரும், இசுசு வி-கிராஸின் 1.9 லிட்டர் எஞ்சின் 360-உம், ஹைலக்ஸ் கைக் கியரில் 420-உம் ஆட்டோமேட்டிக்கில் 500-உம் தருகின்றன. ஆயினும் நம் இராமநாதபுரம் மாவட்டம் மலைப் பகுதி அன்று. மதுரையிலிருந்து மண்டபம் வரை சாலை ஏறக்குறைய தட்டையாகவே ஓடுகிறது. இங்கே இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். பாம்பன் சாலைப் பாலத்தின் நடு மேட்டில் ஏறி இறங்கும்போது, கடலைப் படமெடுப்பதற்காக முன்னால் போகும் கார் சட்டென்று நின்றுவிடுவது அன்றாடக் காட்சி. அந்த நேரத்தில் பின்னாலிருந்து தள்ளும் ஒரு டன் வள்ளத்துக்குத் தனக்கென்று பிரேக் இருக்க வேண்டும். பல நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோவே எல்லை என்பதை இங்கும் ஓர் அளவுகோலாகக் கொள்வதில் தவறில்லை.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் காற்றில் வள்ளத்தின் பக்கவாட்டுப் பரப்பு பாய் விரித்தது போலாகிவிடும். அவுட்போர்டு எஞ்சினைப் பின்பலகையிலேயே தொங்கவிட்டு, வலையையும் பின்பக்கமே குவித்திருந்தால், கொக்கியில் எடை குறைந்து டிரெய்லர் பாம்பைப் போல நெளியத் தொடங்கும். அது ஒருமுறை தொடங்கிவிட்டால், எவ்வளவு கனமான பிக்கப்பையும் தன் போக்குக்கு இழுக்கும். இதற்குப் பெரிய வண்டி தீர்வாகாது. வலையையும் ஐஸ் பெட்டியையும் முன்னுக்கு நகர்த்துவதே தீர்வு. கொக்கியைப் பம்பரில் வெல்டிங் வைத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. பம்பர் அந்த வேலைக்கானதன்று. சேஸிஸில் போல்ட் போட்டு இணைத்த கொக்கியே வேண்டும்; அதன் முனையிலுள்ள இரும்புக் குண்டும், அதன் மேல் கவிழும் டிரெய்லரின் வாயும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வீண் செலவு என்று சொல்வோருடன் நான் உடன்படுவதில்லை. பாசி படிந்த சாய்தளத்திலோ ஈர மணலிலோ, பின்பெட்டி காலியாக இருக்கும் பிக்கப்பின் பின்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும். ஓட்டுநர் விடாமல் மிதித்தால் கிளட்ச் கருகும். மெதுவான வேகத்துக்கான தாழ்கியரும் சேர்ந்திருந்தால், வண்டி தானே ஊர்ந்து வள்ளத்தைக் கரையேற்றிவிடும். தார்ச் சாலையில் மட்டும் இழுத்து, கரையில் டிராக்டரிடம் ஒப்படைப்பவருக்கு இது தேவையில்லை. டயரில் விலை பார்ப்பது மட்டும் யாருக்கும் ஆகாது. சீமைக் கருவேல முள் குத்தாத கரைப்பாதை இங்கே அரிது. டிரெய்லருக்கும் தனி ஸ்டெப்னி வேண்டும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பட்டறையில் செய்த டிரெய்லரைப் பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் இறக்கினால், விபத்து நேரும் நாளில் பிக்கப்பின் தாள்கள் மட்டும் காப்பாற்றாது.

பழைய வண்டி வாங்குவோர், அது மீன் ஏற்றிய வண்டியா என்பதை அவசியம் விசாரிக்க வேண்டும். ஐஸ் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புநீர் பெட்டியின் அடியிலும் சேஸிஸின் உள்மடிப்பிலும் தங்கி, மேலே புதுப் பெயிண்ட் பளபளக்க உள்ளே இரும்பைத் தின்றிருக்கும். சிறு சுத்தியலால் சேஸிஸை நெடுகத் தட்டிப் பார்த்தால், கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடம் நோயைக் காட்டிக்கொடுக்கும். கொக்கி பொருத்தும் பின்முனையில் அப்படி ஒலித்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டி வேண்டாம். புதிய வண்டிக்கும் இதே கதி வர வெகுநாள் ஆகாது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டிரெய்லர் சக்கரங்களை உடனே கடலில் இறக்கினால், சக்கரத்தின் நடுக்குடமான ஹப் சட்டென்று குளிர்ந்து உப்புநீரை உள்ளே உறிஞ்சி, பேரிங்கின் கிரீஸைக் கெடுத்துவிடும். ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறவிட்டு இறக்கி, வீடு திரும்பியதும் டிரெய்லரையும் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.