கரும்புல கரிப்பூட்டை: ஒத்தை செல்லு நூலா மாறுறத நாமளே பாக்கறது எப்படி

எங்க பள்ளிப்பட்டு பக்கம் கரும்புக் கழனில நடுக்குருத்துல இருந்து கருப்பா, வளைஞ்சு, சாட்டை மாதிரி ஒன்னு கிளம்பி வரும், பாத்திருப்பீங்க. நாம கரிப்பூட்டைன்னு சொல்றோம், நகரி பக்கம் காட்டுக தெகுலுன்னு சொல்றாங்க, காட்டுகன்னா கண்ணுக்கு இடற மை. தொட்டுப் பாத்தா பேரு எவ்ளோ சரின்னு தெரியும், விரல் ரேகைக்குள்ள போய் உக்காந்துக்கும். அந்த மை அத்தனையும் பூஞ்சையோட வித்து, ஒரு சாட்டைல கோடிக்கணக்குல இருக்கு.

ஆனா இந்த வித்து முளைச்சு முதல்ல வர்றது கரும்ப ஒன்னும் பண்ணாது. நெசமாத்தான். அது இட்லி மாவுல இருக்கிற ஈஸ்ட்டு மாதிரி ஒத்தை ஒத்தை செல்லு, மொட்டு விட்டு மொட்டு விட்டு பெருகும், அவ்ளோதான். ஆணு பொண்ணு மாதிரி இதுலயும் ரெண்டு ஜாதி உண்டு, ரெண்டு வேற வேற ஜாதி செல்லு சந்திச்சு ஒன்னு சேர்ந்தாதான் அது நூலா மாறும், அந்த நூலுதான் கரணைப் பருவுக்குள்ள, அதாவது நடற கரும்புத் துண்டுல இருக்கிற மொட்டுக்குள்ள நுழையும். இதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா கழனில எதை எதுக்கு செய்யறோம்னு புரிஞ்சுடும், அதுக்குத்தான் எழுதறேன்.

முதல்ல சாட்டை. மேல இருக்கிற வெள்ளி மாதிரி மெல்லிசு தோல் கிழியறதுக்கு முன்னாடியே பாலிதீன் பையை தலைகீழா கவுத்து கீழ கட்டி அப்புறம் அறுங்க. நான் முதல் தடவை பை இல்லாம அறுத்து தோள்ல போட்டுட்டு வரப்பு மேல நடந்தேன், காத்துல புகை மாதிரி பறந்துச்சு, பக்கத்து கழனி வேற ஒருத்தரோடது, இன்னைக்கும் மனசு உறுத்துது.

அடுத்து பூஞ்சைக்கு சாப்பாடு. கால் லிட்டர் தண்ணில 50 கிராம் உருளைக்கிழங்க வேகவெச்சு வடிகட்டி, சர்க்கரை 5 கிராம், கடல்பாசி 5 கிராம் போட்டு கரைச்சு, பாட்டில்ல ஊத்தி குக்கர்ல 20 நிமிஷம் வைங்க. கண்ணாடி தட்டையும் கூடவே வேகவெச்சுடுங்க. இந்த இடத்துல சோம்பேறித்தனம் பட்டா பச்சைப் பூசணம்தான் வளரும், நீங்க தேடறது வராது.

ஸ்லைடு மேல அந்த பாசிய மெல்லிசா ஒரு சொட்டு விட்டு, ஆறினதும் ஊசி முனைல தொட்ட மைய தடவி, ஈரத்துணி போட்ட டப்பால மூடி வைங்க. சாயங்காலம் வெச்சா ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு பார்வை, விடிஞ்சதும் ஒரு பார்வை. ஸ்கூல் மைக்ரோஸ்கோப்புல 400 மடங்கு போதும். உருண்டையான பழுப்பு வித்துல இருந்து குட்டையா ஒரு குழாய் நீண்டு, குறுக்கச் சுவர் விழுந்து மூணு நாலு அறையா பிரிஞ்சு, பக்கவாட்டுல நீளமான சின்னச் சின்ன செல்லு ஒட்டிட்டிருக்கும். ஒரு வித்துக்கு நாலு, அதுல ரெண்டு ஒரு ஜாதி, ரெண்டு இன்னொரு ஜாதி. அடுத்த நாள் பாருங்க, சில செல்லுல இருந்து மெல்லிசா ஒரு கொம்பு வளைஞ்சு வளைஞ்சு இன்னொன்ன தேடிப் போகும். ரெண்டு கொம்பும் தொட்டு ஒட்டிச்சுன்னா அங்கிருந்து நேரா ஒரு நூலு கிளம்பும். எனக்கு அத முதல்ல பாத்தப்ப மூச்சே நின்னுடுச்சு.

மிச்சப் பாசிய கண்ணாடி தட்டுல ஊத்தி, ஆறினதும் அதுலயும் மைய தடவி மூடி வெச்சா தட்டுலயும் தெரியும். ஒரே ஜாதி செல்லு மட்டும் இருந்தா வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருக்கும். ரெண்டு ஜாதியும் கலந்த இடத்துல ரெண்டு மூணு நாள்ல வெள்ளையா பஞ்சு கிளம்பும். வழவழப்பா தனியா நிக்கிற எட்டு பத்து புள்ளிய எடுத்து ஜோடி ஜோடியா கலந்து வெச்சுப் பாருங்க, சில ஜோடி பஞ்சாகும், சில ஜோடி கடைசி வரைக்கும் வெண்ணெய்தான்.

ஏன் அப்படின்னா, ஒரு ஜாதி விடற வாசனைப் பொருள இன்னொரு ஜாதிதான் மோப்பம் பிடிக்கும். சேர்ந்த பிறகு இங்கிருந்து ஒரு புரதம், அங்கிருந்து ஒரு புரதம் கோத்துக்கிட்டு நூலாகறதுக்கான ஜீன்கள திறந்து விடுது. ஒரே ஜாதின்னா ரெண்டும் கோத்துக்காது. மக்காச்சோளத்துல வர்ற கரிப்பூட்டைலதான் இதை நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. அதுல இன்னொன்னும் உண்டு, இலை மேல ஊர்றப்ப நூலோட முனை அறைலதான் உசுரு இருக்கும், பின்னாடி காலி அறையா விட்டுட்டே போகும். செடிக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் செல்லு பிரிஞ்சு கிளை விட்டு நெசமான பல செல்லு உடம்பாகும்.

இப்ப கழனிக்கு வாங்க. பருவுக்குள்ள போன நூலு வெளிய தெரியாது, கரணை பாக்க நல்லாத்தான் இருக்கும், நட்டு ரெண்டு நாலு மாசம் கழிச்சுதான் சாட்டை வரும். அதனால விதைக் கரணைய 50 டிகிரி வெந்நீர்ல 2 மணி நேரம் வைக்கச் சொல்றாங்க. கை வெச்சு சூடு பாக்காதீங்க, தெர்மாமீட்டர் வேணும், ஏறிட்டா பரு வெந்துடும். நூறுல பத்து தூருக்கு மேல சாட்டை வந்த கழனில மறுதாம்பு, அதாவது வெட்டின அடிக்கட்டைல இருந்து அடுத்த பயிர், விடாதீங்க. ரெண்டு வரிசை கரும்புக்கு நடுவுல துவரை போட்டா பரவறது குறையும். நோய் வந்த தூரை வேரோட பிடுங்கிடுங்க, சாட்டைய மட்டும் ஒடிச்சா அதே தூருல பக்கத்துல கிளம்பற சிம்புல திரும்ப வரும்.

பாத்து முடிச்ச தட்டு, ஸ்லைடு, பைல கட்டின சாட்டை எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணில ஒரு மணி நேரம் முக்கி வெச்சுட்டு அப்புறமா கொட்டுங்க, குப்பைமேட்டுல அப்படியே போட்டுடாதீங்க, அந்த குப்பை திரும்ப எருவா கழனிக்குத்தான் வரும்.