மறுபடியும் கொரோனா வந்தால்: வாத மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரை டப்பாவில் செய்யும் தவறுகள்

எனக்குச் சரவாங்கி என்ற மூட்டு வாதம் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. கொரோனா மூன்று முறை வந்து போயிருக்கிறது. 2021 மே மாதம் வந்தபோது வீடே நடுங்கியது. 2022 ஜனவரியில் வந்தபோது ‘ஒமிக்ரான்தானே’ என்று அசட்டையாக இருந்தோம். மூன்றாவது முறை, ஊரில் யாரும் டெஸ்ட்டைப் பற்றியே பேசாத காலத்தில், தக்கலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மூன்றாம் நாள் வந்தது. மூன்றில் நான் அதிகம் அவதிப்பட்டது இரண்டாவதில்தான். அதற்குக் காரணம் கிருமி அல்ல, மாத்திரை டப்பாவில் நானே செய்த வேலை.

காய்ச்சல் என்றதும் ‘வாத மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமே’ என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். அதில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்துபோனது. மூன்றாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நின்றால் கண் இருட்டியது. ரத்த அழுத்தம் இறங்கிப்போயிருந்தது. தினமும் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால், சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் அதனால் உடனே எழுந்து ஓட முடியாது. அதுவும் காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு அந்தச் சுரப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவை. அதனால் நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கொரோனா என்று அதை நிறுத்தக் கூடாது. சில நேரம் டாக்டரே அளவைக் கூட்டச் சொல்வார்.

மற்ற மாத்திரைகளின் கதை வேறு. மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்லுனோமைடு, டோஃபாசிடினிப் போன்றவற்றைத் தொற்று இருக்கும்வரை நிறுத்திவைக்கச் சொல்வதுதான் பொது வழக்கம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். (அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கொரோனா அண்டாது என்று 2020-ல் ஒரு பேச்சு கிளம்பி, மெடிக்கல்களில் எங்களுக்கே மாத்திரை கிடைக்காமல் போனது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அது பயன்படவில்லை என்று அதே வருஷம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு காட்டியது.) ஆக, டப்பாவை மொத்தமாக மூடிவைப்பதும் தவறு, மொத்தமாகத் தொடர்வதும் தவறு. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே வாத டாக்டரிடம் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்த ராத்திரி போன் எடுக்க ஆள் இருக்காது.

திரும்பத் தொடங்குவதிலும் தடுக்கி விழுகிறோம். லேசாக வந்துபோன கொரோனா என்றால், அறிகுறிகள் நின்று 7 முதல் 14 நாளுக்குள் வாத மருந்தை மீண்டும் தொடங்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். எங்கள் பக்கம் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, இருமல் இருக்கும்போதே மூட்டு வலி தாங்காமல் தொடங்குவது. இன்னொன்று, ‘மாத்திரை இல்லாமலே சரியாகத்தான் இருக்கிறது’ என்று இரண்டு மாதம் விட்டுவிட்டு, விரல் மடங்காத நிலையில் ஓடிவருவது. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. விட்டுப்போன வாரங்களுக்கும் சேர்த்துப் போடுவதோ, தினமும் போடுவதோ ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையையே முடக்கும்; உயிருக்கே ஆபத்து.

ஸ்டீராய்டை நிறுத்துகிறவர்களைவிட, கூட்டிக்கொள்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் உறவுக்கார அண்ணன் ஒருவர், விடியும் முன்னே கத்தியைப் பிடிக்க விரல் மடங்க வேண்டுமே என்று சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவார். காலை விறைப்பு இருக்கிற ஆளுக்கு அந்த வேலை எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும், அதனால் அவரைத் திட்ட மனம் வராது. ஆனால் கொரோனா வந்ததும் ‘உடம்பு வலிக்குது’ என்று அதையே இரட்டிப்பாக்கினார். வாத நோயாளிகளைப் பற்றி 2020-ல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து திரட்டிய தகவலில், தினம் 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ‘கொரோனாவுக்கே ஸ்டீராய்டுதானே கொடுத்தார்கள்’ என்று அண்ணன் வாதாடினார். கொடுத்தார்கள்தான், ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. மூச்சு நன்றாக இருக்கிறவருக்கு அதனால் பயன் தெரியவில்லை.

இன்னொரு நினைப்பு, ‘ஒருமுறை வந்தாச்சு, ஊசியும் போட்டாச்சு, இனி வந்தாலும் சும்மா சளிதான்’ என்பது. பலருக்கு அது உண்மையே. ரிட்டுக்ஸிமாப் டிரிப் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. எதிர்ப்பொருள் செய்யும் பி அணுக்களையே அந்த மருந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ துடைத்துவைக்கிறது. தடுப்பூசி போட்டாலும் உடம்பு சரியாக எழுதி வைத்துக்கொள்ளாது. சிலருக்குக் கிருமி வாரக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தால் அது இரண்டாவது தொற்றாக இல்லாமல், முதலாவதே போகாமல் இருப்பதாகவும் இருக்கலாம். தடுப்பூசி போடும் நாளை அடுத்த டிரிப்புக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்னால் வருகிற மாதிரி டாக்டரிடம் கேட்டு அமைத்துக்கொள்வது நல்லது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் அதை நிறுத்தினால் எதிர்ப்பொருள் கூடுகிறது என்று 2022-ல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. வாதம் அடங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும் பொருந்தும் யோசனை இது, அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், குமரி மாவட்டத்தில் காய்ச்சல் என்றாலே கொரோனா என்று முடிவு கட்ட முடியாது. நமக்கு இரண்டு மழைக்காலம், வயல், ரப்பர் தோட்டம், சிரட்டையில் தேங்கும் தண்ணீர். டெங்குவும் எலிக்காய்ச்சலும் இங்கே புதிதல்ல. எங்கள் வீட்டில் காய்ச்சலைப் ‘பனி’ என்போம். ‘பனிதான், தானே போகும்’ என்று அம்மா சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். காரணம், வாதக்காரர்கள் கையில் எப்போதும் வலி மாத்திரை இருக்கும். டெங்குவில் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டலாம், எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். எந்தக் காய்ச்சல் என்று தெரியும்வரை பாராசிட்டமால் போதும். வாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுகிறவர்களுக்குக் காய்ச்சலே சரியாகத் தெரியாது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் ஏறாது. அவர்கள் களைப்பையும் மூச்சையும்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே பலர் வாதத்துக்குத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுகிறோம், காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக். இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்குக் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் (பல வீடுகளில் செப்ட்ரான்) சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தாகக் குறையலாம். கொரோனாவுக்கான நிர்மாட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மாத்திரையை அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும்; அது டோஃபாசிடினிப், கோல்ச்சிசின், டாக்ரோலிமஸ் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டிவிடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.

கஷாயம் பற்றிச் சொன்னால் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன். வைத்தியசாலையும் ஆசானும் இருக்கிற ஊர் நம்முடையது, நானும் தைலம் தேய்க்கிறவள்தான். ஆனால் சீந்தில் கொடிச் சாறு விஷயத்தில் நான் ஒதுங்கிக்கொண்டேன். 2020-ல் மும்பையில் அதைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக டாக்டர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் லெஃப்லுனோமைடுக்கும் கல்லீரலில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. போதாததற்கு, எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்றுதான் சீந்திலை விற்கிறார்கள். நம் நோயே எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே அடிப்பதுதானே!

ஆக்ஸிமீட்டரில் ஒரு பிழையை வாதக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். லூபஸ், ஸ்கிளீரோடெர்மா என்ற வாத வகைகள் இருக்கிறவர்களில் பலருக்கு விரல் குளிர்ந்து வெளுக்கும். அந்த விரலில் 86 காட்டினால் வீடே அலறும். கையைச் சூடாக்கி வேறு விரலில் பாருங்கள். அப்படியும் 94-க்குக் கீழே நின்றால் கிளம்ப வேண்டியதுதான். நுரையீரலில் வாதத் தழும்பு உள்ளவர்கள், நன்றாக இருக்கும் நாளிலேயே தங்கள் அளவைக் குறித்துவைக்க வேண்டும். வழக்கமாக 95 உள்ளவருக்கு 93 ஒரு கதை, 99 உள்ளவருக்கு அதே 93 வேறு கதை.

மூன்றாவது முறை நான் முதல் நாளே டெஸ்ட் எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன். ஸ்டீராய்டு அப்படியே இருந்தது, மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போடாமல் விட்டு, மூன்றாவது ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி தொடங்கினேன். அந்த இரண்டு வாரமும் காலையில் பாட்டில் மூடி திறக்க மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது.